கையெழுத்து யார் போட வேண்டும்?

ஜனவரி 8, 2025. ஒரு மாணவியின் கேள்வி

அக்கா, நான் நர்சிங் மூன்றாம் வருடம். போன வாரம் பெண்கள் வார்டில் போஸ்டிங். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒரு அம்மாவைத் தயார் செய்துகொண்டிருந்தோம். கன்சென்ட் ஃபார்மில் அவருடைய வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் அவரிடம் வாங்கவில்லை என்று கேட்டேன். 'வீட்டுக்காரர் போட்டால் போதும்' என்றார்கள். அது சரியா? அப்புறம், வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்னல் பரீட்சை. நெக்ளிஜென்ஸ் (கவனக்குறைவு), மால்பிராக்டிஸ் (தொழில்முறைத் தவறு), ஆட்டானமி (தன்னுரிமை), பெனிஃபிசன்ஸ் (நன்மை செய்தல்) எல்லாம் மனப்பாடம் செய்கிறேன், மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 8, இரவு 10.40

சரியில்லை தங்கச்சி. அந்த அம்மா 18 வயது தாண்டியவர், நினைவோடு இருக்கிறார், சொன்னால் புரிந்துகொள்கிறார். அவர் உடம்பில் கத்தி வைக்க அவர்தான் சம்மதிக்க வேண்டும். வீட்டுக்காரர், மகன், மாமியார் என்று வேறு யார் போட்டாலும் அது எந்தக் காலத்திலும் செல்லாது. நான் இருபத்திரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், அதில் பாதி ஆபரேஷன் தியேட்டரிலும் போஸ்ட் ஆப் வார்டிலும் போனது. 'கையெழுத்து வாங்கியாச்சா' என்ற கேள்வி காதில் விழாத நாள் கிடையாது. 'அவங்களுக்குப் புரிஞ்சுதா' என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, பரீட்சையில் எழுது. சமீரா கோலி வழக்கு, 2008. நடந்தது 1995-இல், டெல்லியில். 44 வயதுப் பெண், அதிக ரத்தப்போக்கு. லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே கேமரா விடுவது) போட்டு என்ன பிரச்சினை என்று பார்க்கத்தான் அவர் சம்மதித்தார். மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பை, சினைப்பைகள், குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். வயது வந்த, சிந்திக்கக்கூடிய பெண்ணுக்காக அவருடைய அம்மா கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்று கோர்ட் சொன்னது. இன்னொன்றும் சொன்னது, அது நமக்கு ரொம்ப முக்கியம்: பரிசோதனைக்குச் சம்மதித்தால் சிகிச்சைக்கும் சம்மதித்ததாக ஆகாது. உயிர் போகிற அவசரம் இருந்தால் மட்டும் வேறு கதை. 'எப்படியும் வயிற்றைத் திறந்தாச்சு, இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டாமே' என்பது அவசரம் இல்லை.

பரீட்சை வார்த்தைகளுக்கு நாளை வருகிறேன்.

ஜனவரி 9, காலை 6.15

நேற்று 'எந்தக் காலத்திலும் செல்லாது' என்று எழுதியது தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பாதுகாவலரோதான் போட வேண்டும். மயங்கிக் கிடப்பவர், தனக்கு என்ன நடக்கிறது என்றே புரியாத நிலையில் இருப்பவர் என்றால் நெருங்கிய உறவினர். யாருமே இல்லை, உயிர் போகிறது என்றால் டாக்டர் காத்திருக்கத் தேவையில்லை, நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பழைய இ.பி.கோ.வில் (இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவு 92, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 30.

வீட்டுக்காரர் கையெழுத்துப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். டாக்டர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளிலேயே கணவன் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர், இல்லாவிட்டால் நோயாளி என்று ஒரு வரி வருகிறது. வரிசையில் கணவன் முதலில் வந்துவிட்டதால் நோயாளி கடைசிக்குப் போய்விட்டார். ஆனால் கருக்கலைப்புச் சட்டத்தில் வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவனைக் கேட்க வேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் துணைவர் கையெழுத்து கட்டாயமில்லை என்றுதான் அரசு வழிகாட்டி சொல்கிறது. 'அவர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று பெண்களைத் திருப்பி அனுப்புவதை நான் இன்னும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஜனவரி 9, இரவு 9.30

நாளைக்குப் பரீட்சை என்பதால் நெக்ளிஜென்ஸ் மட்டும். இதற்கு நாலு கால் உண்டு, ஒன்று இல்லாவிட்டாலும் வழக்கு நிற்காது: கடமை, கடமை தவறியது, தவறியதால்தான் பாதிப்பு வந்தது என்ற தொடர்பு, உண்மையான பாதிப்பு. இதை மனப்பாடம் செய்யாதே. என் கதையைக் கேள், மறக்காது.

அப்போது எனக்கு 24 வயது, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். அதிகாலையில் சிசேரியன் முடிந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்பைனல் (முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசி) கொடுத்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடுகிற அளவுக்கு நடுக்கம். இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. மாமியார் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையை நீட்டினார். நானே பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, மூடியைத் திருகி, காலடியில் வைத்தேன். துண்டு சுற்றவில்லை. மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து பேட் மாற்றப் போனபோது பை குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தால் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம், ஓரத்தில் தோல் வழன்று கிடந்தது. அந்தப் பெண் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. உணர்ச்சிதான் இல்லையே.

அவர் என் வார்டு நோயாளி: கடமை. மரத்துப்போன காலில் சூடு வைக்கக் கூடாது, வைத்தே ஆக வேண்டுமென்றால் சுற்றி, சோதித்து, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், நான் எதுவும் செய்யவில்லை: தவறியது. கொப்புளம் பையால் வந்தது, வேறு எதனாலும் இல்லை: தொடர்பு. குதிகாலில் புண்: பாதிப்பு.

மால்பிராக்டிஸ் என்றால் என்ன வித்தியாசம் என்று கேட்டாய் இல்லையா. வராந்தாவில் தண்ணீர் கொட்டியதை யாரும் துடைக்காமல் ஒருவர் வழுக்கி விழுந்தால் அது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய கவனக்குறைவு. ஸ்பைனல் போட்ட காலுக்குச் சூடு தெரியாது என்பது நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அந்தப் படிப்பைப் படித்தவள் என்ற முறையில் செய்த தவறு. மாமியார் அதே பையை வைத்திருந்தால் அவர் மேல் யாரும் அந்தக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அளவுகோல் நம்மைப் போலவே படித்த, சராசரித் திறமை உள்ள இன்னொருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதுதான். போலம் டெஸ்ட் என்பார்கள், 1957-இல் இங்கிலாந்தில் வந்தது, நம் கோர்ட்டுகள் இன்றும் அதைத்தான் எடுக்கின்றன.

போய்த் தூங்கு.

ஜனவரி 11

பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். நெக்ளிஜென்ஸுக்கு வெந்நீர்ப் பையை எழுதினாளாம்.

ஒரு தம்பி, அவரும் நர்ஸ், 'கவனக்குறைவு என்றாலே ஜெயிலா அக்கா?' என்று கேட்கிறார். இல்லை தம்பி. 2005-இல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் வைக்கப் போனால் சிலிண்டர் காலி. வேறொன்று கொண்டுவந்து அதை இயக்குவதற்குள் உயிர் போய்விட்டது. டாக்டர்கள் மேல் போட்ட கிரிமினல் வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கிரிமினல் என்று சொல்ல, தவறு மிக மோசமானதாக, யாருமே செய்யத் துணியாததாக இருக்க வேண்டும் என்றது. அதே சமயம் ஆஸ்பத்திரி சிவில் முறையில் பொறுப்பேற்க வேண்டியிருக்கலாம் என்ற கதவைத் திறந்தே வைத்தது. இந்த வழக்கைப் படித்த பிறகு நான் டியூட்டி எடுத்ததும் முதல் வேலையாகச் சாவியைப் போட்டு சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கிறேன். ரிஜிஸ்டரில் 'ஃபுல்' என்று எழுதியிருப்பதை நம்புவதில்லை.

மற்றபடி நஷ்ட ஈடு கன்ஸ்யூமர் கோர்ட்டில் வரும். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவமும் சேவைதான் என்று தீர்ப்பானது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் இடங்கள் மட்டும் அதில் வராது. கிரிமினல் பக்கம், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில், 2024 ஜூலை 1 முதல், கவனக்குறைவால் மரணம் என்றால் பொதுவாக 5 ஆண்டு வரை சிறை, நமக்கு 2 ஆண்டு வரைதான்.

ஜனவரி 12

ஒரு வக்கீல் சார் திருத்தினார், நன்றி. 'நமக்கு 2 ஆண்டு' என்று எழுதியது தவறு. அந்த 2 ஆண்டு வரம்பு பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும். மருத்துவர் என்றால் யார் என்று பிரிவு 106-இலேயே விளக்கம் இருக்கிறது: தேசிய மருத்துவப் பதிவேட்டிலோ மாநில மருத்துவப் பதிவேட்டிலோ பெயர் உள்ளவர். நர்ஸ் அதில் இல்லை. அப்படியானால் ஒரே டேபிளில், ஒரே நோயாளிக்கு, ஒரே தவறில் கைகோத்த இருவரில் டாக்டருக்கு 2, நர்ஸுக்கு 5 என்று ஆகிறது. நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். நம் சங்கங்கள் இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். தண்டனையைக் குறைப்பதற்காகக் கேட்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு போனில் சொன்ன ஆர்டரை நம்பி மருந்து ஏற்றுவது யார் கை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிய வேண்டும்.

போன் ஆர்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டி, மருந்தின் பெயர், அளவு, நேரம், சொன்னவர் பெயர் எல்லாவற்றையும் அப்போதே எழுதுங்கள், காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதாதது நடக்காதது என்றுதான் கோர்ட்டில் பார்ப்பார்கள்.

ஜனவரி 12, இரவு

எழுதுவது பற்றிச் சொல்லிவிட்டு வெந்நீர்ப் பை கதையில் பாதியை மறைத்தால் நியாயம் இல்லை. அன்று சீனியர் ஒருவர் என் தோளில் கை வைத்து, 'கொப்புளம், காரணம் தெரியவில்லை என்று எழுதிவிடு, சின்னப் பொண்ணு நீ, உன்னைக் காப்பாற்றத்தான் சொல்றேன்' என்றார். நான் அப்படியே எழுதினேன். அந்தப் பெண்ணிடம் 'அலர்ஜி மாதிரி இருக்கும்மா' என்றேன். இரண்டு நாள் அவருக்கு டிரெசிங் செய்தது நான்தான். ஒவ்வொரு முறையும் 'உங்களுக்கு எவ்வளவு வேலை சிஸ்டர்' என்று அவர் பரிதாபப்படுவார். மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்தேன். தப்பான வரியின் மேல் ஒற்றைக் கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. கீழே நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒயிட்னர் வைக்கவில்லை, பக்கத்தைக் கிழிக்கவில்லை. நர்சிங் சூப்பிரண்டென்டிடம் போய் நானே சொன்னேன், மெமோ வந்தது. அப்புறம் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. 'முதல் நாளே சொல்லியிருந்தா நான் ராத்திரியெல்லாம் குழந்தைக்கும் அந்த அலர்ஜி ஒட்டிக்குமோன்னு பயந்திருக்க மாட்டேனே' என்றார்.

புத்தகத்தில் 'வெராசிட்டி', உண்மை பேசுதல் என்று ஒரு வரியில் போட்டிருப்பார்கள். பொய் சொன்னால் என்ன கெடுதல் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பதிலில்தான். கொப்புளம் பத்து நாளில் ஆறிவிட்டது. அவர் பட்ட பயம் முழுக்க நான் சொன்ன 'அலர்ஜி'யால்.

ஜனவரி 15

மருத்துவ நெறியின் நாலு தத்துவமும் கேட்டிருந்தாய், சுருக்கமாக. தன்னுரிமை: என் உடம்புக்கு நான் முடிவெடுப்பேன். நன்மை செய்தல். தீங்கு செய்யாமை. நீதி: யார் வந்தாலும் ஒரே கவனிப்பு, தெரிந்தவர் என்பதற்காக வரிசையைத் தாண்ட விடாமல் இருப்பது. இரண்டு மோதும்போதுதான் இவை புரியும். ரத்தம் ஏற்றினால் பிழைப்பார், வேண்டாம் என்கிறார். நன்மையும் தன்னுரிமையும் அங்கே முட்டிக்கொள்கின்றன. நினைவு தெளிவாக இருக்கிற, வயது வந்தவர் என்றால் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. நம் வேலை அவர் ஏன் மறுக்கிறார் என்று உட்கார்ந்து கேட்பது. பாதிப் பேர் பயத்தில் மறுக்கிறார்கள், கால் பகுதி காசில்லாமல். பயத்தைக் கேட்டுவிட்டால் சம்மதம் தானாக வரும்.

ஜனவரி 16

'எல்.ஏ.எம்.ஏ. எழுதி வாங்கிவிட்டால் நம் தலைவலி தீர்ந்தது' என்று அந்தத் தம்பி எழுதியிருக்கிறார். தீரவில்லை தம்பி. மருத்துவ ஆலோசனைக்கு எதிராகப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்கினால் அந்தப் பாட்டிக்கு என்ன தெரியும்? போனால் என்ன ஆகும், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று அவர் பேசும் தமிழில் சொல்ல வேண்டும், சொன்னதை எழுத வேண்டும், மாத்திரைச் சீட்டைக் கொடுத்தனுப்ப வேண்டும். இதே விஷயத்தின் மறுபக்கம்: பில் கட்டவில்லை என்று நோயாளியைப் போகவிடாமல் வைத்திருப்பது, பிணத்தைக் கொடுக்க மறுப்பது. சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் என்று பாடத்தில் வருவது இதுதான். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலும் இது கூடாது என்று இருக்கிறது. வாசலில் நின்று 'கேஷியர் சீட்டு எங்கே' என்று கேட்கும் வேலையை நர்ஸிடம் கொடுத்தால் முடியாது என்று சொல்லுங்கள். நான் சொன்னேன், அந்த வேலையை விட வேண்டியும் வந்தது.

ஜனவரி 19

ரகசியம். இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் நம் வார்டுகளில் அதிகம் உடைவது இதுதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த ஆய்வில். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் வார்டுகளில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், கடைசிப் பகுதியை நானே பார்த்திருக்கிறேன். கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் ஒரு குறி. கேஸ் ஷீட்டின் மேலே ஒரு ஸ்டிக்கர். சாப்பாட்டுத் தட்டு தனி. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் வார்டில் கூட்டுகிற அம்மாவிலிருந்து எதிர்க் கட்டில் அட்டெண்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு லாரி டிரைவர் அந்தக் குறிக்கு அர்த்தம் தெரிந்த அன்று ராத்திரி டிரிப்பைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தலையணையில் ரத்தச் சொட்டு, கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பு. செருப்பைக்கூடப் போடாமல் போயிருக்கிறார்.

2017 எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது, இப்படிக் குறி போட்டுக் காட்டிக்கொடுப்பதைத் தடுக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவும் கூடாது. 'நம் பாதுகாப்புக்குத் தெரிய வேண்டாமா?' என்று கேட்பவர்களுக்கு: எல்லா நோயாளிக்கும் கையுறை போடுங்கள், எல்லா ஊசியையும் மூடி போடாமல் நேராக டப்பாவில் போடுங்கள். குறி உங்களைக் காப்பாற்றாது. டெஸ்டில் இன்னும் தெரியவராத தொற்றோடு வருகிறவருக்கு எந்த ஸ்டிக்கரும் இருக்காது.

அப்புறம் போன். பிறந்த குழந்தையோடு செல்ஃபி, அரிதான புண் என்று வாட்ஸ்அப் குரூப்பில் படம், 'முகம் தெரியலையே' என்ற சமாதானம். கையில் பச்சை குத்திய பெயரைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்தது எனக்குத் தெரியும். 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 20

'அப்போ போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) கேஸை ஏன் போலீஸிடம் சொல்கிறோம், அது ரகசியம் இல்லையா?' நல்ல கேள்வி, நேற்றே சேர்த்திருக்க வேண்டும். சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம், 2012 சட்டப்படி 6 மாதம் வரை சிறை. பதினேழு வயதில் கல்யாணமாகிக் கர்ப்பத்தோடு வருகிற பெண்ணும் இதில் வருவாள். ஆனால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தகவல் தரும்போது டாக்டர் அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. போலீஸுக்குப் பயந்து ஊருக்குள் யாரிடமாவது போய் உயிரை விடும் பிள்ளைகளை நினைத்துச் சொன்னது அது.

விபத்து, அடிதடி, விஷம் எதுவானாலும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட வேண்டும், ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் முதலில் சிகிச்சை. 1989 பரமானந்த் கட்டாரா தீர்ப்பு இதைத்தான் சொன்னது. அடிபட்ட ஸ்கூட்டர்காரரைப் போலீஸ் கேஸ் என்று 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், வழியிலேயே இறந்துபோனார். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசம், காசைக் காரணம் காட்டித் திருப்பவும் இப்போது இடமில்லை.

விஷம் என்றதால் ஒன்று. அரளி விதை அரைத்துக் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு டியூப் போடும்போது 'சாகத் துணிஞ்ச உனக்கு இது வலிக்குதா' என்று கேட்பதை நிறுத்துங்கள். 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309 பிரிவே புதிய நியாய சன்ஹிதாவில் கிடையாது. சட்டமே அவர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டது.

ஜனவரி 26

இன்று ஒரு வகுப்பில் அருணா ஷான்பாக் பற்றிப் பேசினேன், முன்வரிசைப் பிள்ளைகள் யாருக்கும் பெயரே தெரியவில்லை. அவர் நம்மில் ஒருவர். மும்பை கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1973 நவம்பர் 27 அன்று டியூட்டி முடிந்து உடை மாற்றப் போனவரை அதே இடத்தில் வேலை பார்த்த ஒருவன் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினான். மூளைக்கு ரத்தம் போகாமல் 42 வருடம் கட்டிலில். அவரைச் சாக விட வேண்டும் என்று ஒரு எழுத்தாளர் போட்ட மனுவை 2011-இல் கோர்ட் ஏற்கவில்லை. இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்கள்தான் அவருக்காகப் பேச உரிமை உள்ளவர்கள், அவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்றது. ஆனால் அதே தீர்ப்பில்தான் கருவிகளை விலக்கும் செயலற்ற கருணைக்கொலைக்கு நிபந்தனைகளோடு முதல் முறை இடம் கிடைத்தது. 2018-இல், மீள முடியாத நிலை வந்தால் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று உயில் போல முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை வந்தது. 2023 ஜனவரியில் அதற்குச் சான்று போட மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும் என்று எளிதாக்கினார்கள்.

2015 மே மாதம் அவர் இறந்தார். அத்தனை வருடத்தில் அவருக்குப் படுக்கைப் புண் வரவிடவில்லை அந்த நர்ஸுகள். படுத்த நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்ட யாரும் இந்த வரியைச் சாதாரணமாகப் படிக்க முடியாது. கருணைக்கொலை சரியா தவறா என்பதில் என் மனம் இன்னும் ஊசலாடுகிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லும் வாய்ப்பு ஒரு நாளும் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

பிப்ரவரி 2

அந்த மாணவி மறுபடி கேட்கிறாள்: 'அக்கா, வேறு ஒரு அம்மாவிடம் போய் நீங்கதான் கையெழுத்து போடணும்னு சொன்னேன். எனக்கு எதுவும் சொல்லாதீங்க, என் பையனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்துப்பான் என்கிறார். இப்போது என்ன செய்வது?'

இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் அவர் முடிவுதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும், டாக்டர் காதால் கேட்க வேண்டும், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், மறுநாள் மறுபடி ஒரு முறை கேட்க வேண்டும். மகன் வந்து 'அம்மாவுக்குச் சொல்லாதீங்க' என்பது வேறு. அது அம்மாவின் முடிவில்லை.

புற்றுநோய் வார்டில் இது தினமும் நடக்கும். எனக்கு மறக்காத ஒருவர், எழுபது வயது விவசாயி. மூன்று மகன்களும் வார்டு வாசலிலேயே எங்களை மறித்து, 'அல்சர் என்று சொல்லியிருக்கோம், யாரும் மாற்றிச் சொல்லாதீங்க' என்றார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள். ராத்திரி மூன்று மணிக்கு டிரிப் மாற்றப் போனேன். கண்ணை மூடியபடியே, 'சிஸ்டர், வாசல்ல போர்டு படிச்சேன். அல்சருக்கு இங்கயா படுக்க வைப்பாங்க?' என்றார். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்லவும் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'அய்யாவுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?' என்று கேட்டேன். 'நோய் பேரு வேண்டாம். கிணத்து நிலத்தை மூணு பேருக்கும் பிரிச்சு எழுதணும். அதுக்கு நாள் இருக்கான்னு மட்டும் தெரியணும்' என்றார்.

காலையில் டாக்டரிடம் சொன்னேன். அவர் மகன்களை முதலில் கூப்பிட்டுப் பேசினார், பெரியவன் என் மேல் கோபப்பட்டான். அப்புறம் மூவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பெரியவரிடம் பேசினார். அவர் கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாள் கழித்து சார்பதிவாளர் வார்டுக்கே வந்தார். பெரியவருக்கு வலது கையில் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டிருந்தது. முந்தின நாள் சாயந்தரமே என்னைக் கூப்பிட்டு, அதை இடது கைக்கு மாற்றிக் குத்தச் சொன்னார். கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துதான் போடுவேன் என்றார்.